அன்பும் கண்டனமும்: தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் சமயவுரைகள் (1706–1719)

முன்னுரை

பிறர் சமயத்தைப் பிழையெனக் கருதும் ஒருவர், அப்பிழையை எடுத்துரைப்பதே தம் கடமை என்றும், எடுத்துரைக்கப்படுவோரிடம் அன்பு குன்றலாகாது என்றும் ஒருசேர நம்பினால் என்ன நேரும் என்பது சமயப் பரப்புரை வரலாற்றின் பழைய வினா. தமிழ்நாட்டுக்கு வந்த முதல் சீர்திருத்தத் திருச்சபைப் பணியாளரான பர்த்தலோமேயு சீகன்பால்குவின் (1682–1719) எழுத்துகளில் இவ்வினா தெளிவாகப் புலப்படுகிறது. அவரைத் தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியாகவும் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பாளராகவும் போற்றும் நூல்கள் பல. தமிழர் சமயத்தை இழித்துரைத்தவர் எனச் சாடும் எழுத்துகளும் உண்டு. இரண்டுக்கும் அவருடைய நூல்களிலேயே சான்று கிடைக்கிறது. அவர் எந்தச் சொல்லை எந்த மொழியில் எவரை நோக்கிக் கூறினார் என்பது இவ்விரு தரப்பிலும் போதிய கவனம் பெறவில்லை. அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹால்லேயில் கற்ற பாடம்

சீகன்பால்கு செருமனியின் ஹால்லே நகரில், ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கேயின் (1663–1727) செல்வாக்கில் உருவானவர். பக்தி இயக்கம் என வழங்கப்பெறும் அச்சிந்தனை மரபின் அடிப்படை நூல், பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1675இல் வெளியிட்ட ‘பியா தெசிதேரியா’. திருச்சபையைச் சீர்செய்ய ஸ்பேனர் அதில் முன்வைத்த ஆறு பரிந்துரைகளுள் நான்காவது இங்கு நோக்கத்தக்கது. மாற்று நம்பிக்கையுடையோரிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதே அதன் பொருள். அவர்களுக்காக மன்றாட வேண்டும். நல்ல நடத்தையால் முன்மாதிரி காட்ட வேண்டும். பிழையைப் பணிவோடும் உறுதியோடும் சுட்ட வேண்டும். உள்ளார்ந்த அன்பு காட்ட வேண்டும் என்கிறார் ஸ்பேனர். சொற்போரில் வெல்வதால் மட்டும் எவரும் மனம் திரும்புவதில்லை என்பது அவருடைய துணிபு. லுத்தரன், கால்வினிய, கத்தோலிக்கத் தரப்பினர் ஒருவரையொருவர் நூல்களில் வசைபாடிய நூற்றாண்டில் எழுந்த கருத்து இது.

ஆனால் ஸ்பேனரின் கண்முன் இருந்தவர்கள் அவரோடு ஒரே வேதத்தைப் படித்த பிற கிறிஸ்தவர்கள். வேதமே வேறான ஒரு மக்களிடம் இந்நெறியை எவ்வாறு செயற்படுத்துவது என்பதற்கு ஹால்லேயில் பாடம் இல்லை. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆணைப்படி 1706 சூலை 9ஆம் நாள் சீகன்பால்குவும் ஹென்றிச் புளூட்சோவும் தரங்கம்பாடியில் கரையேறியபோது அவர்களுக்குத் தமிழும் தெரியாது.

உடைக்கப்பட்ட உருவங்கள்

வந்த தொடக்கக் காலத்தில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று ஒரு நிகழ்வைப் பதிவு செய்கிறது. தரங்கம்பாடியை அடுத்த பகுதியில் ஒரு சிறு கோயிலைக் கண்ட அவர், அங்கிருந்த உருவங்கள் சிலவற்றைத் தள்ளிவிட்டார். சிலவற்றின் தலைகளை உடைத்தார். தம்மையே காத்துக்கொள்ள இயலாதவை பிறரைக் காக்குமா என்று அங்குள்ளோருக்குக் காட்டுவதே தம் எண்ணம் என எழுதுகிறார். அப்போது அவ்வழியே வந்த கற்றவர் ஒருவர், அவை கடவுளர் அல்ல, கடவுளின் போர்வீரர்கள் என்று விளக்கினார். உரையாடல் நீண்டது. எளிய மக்கள் இத்தகைய உருவங்களைக் கண்டு மேலான பொருளை எண்ணுவதற்காகவே அவை வைக்கப்பட்டுள்ளன என்று அவர் முடித்தார். இந்த மறுமொழியையும் சீகன்பால்கு மறைக்காமல் எழுதியுள்ளார்.

போர்வீரர் என்ற விளக்கம் ஐயனார் கோயில்களின் பரிவாரங்களை நினைவூட்டுகிறது. எதை உடைக்கிறோம் என்பதை அறியாமலே உடைத்த செயல் அது. கோயிலுக்குரியோர் அவரைத் தாக்கவில்லை. பொருள் சொல்லிப் புரியவைக்க முயன்றார்கள். தமிழ் மரபில் இடித்துரைத்தல் என்பது நட்பின் கடமைகளுள் ஒன்று. திருக்குறளின் ‘நட்பு’ அதிகாரம், நண்பன் நெறி தவறும்போது முற்சென்று கடிவதை நட்பின் பயனாகவே கொள்கிறது. அதற்கு முதலில் நட்பு வேண்டும். அந்தச் சிறு கோயிலின் முன் நின்றவருக்கு அவ்வூரில் நண்பர் எவரும் இல்லை.

பின்னர் நிகழ்ந்த மாற்றத்துக்கு மொழிப்பயிற்சி வழிவகுத்தது. முதிய உபாத்தியாயர் ஒருவரின் பள்ளியில், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார் சீகன்பால்கு. டேனியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் அவருக்குத் துணையானார். ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கியும் படியெடுப்பித்தும் சேர்த்தார். 1708இல் அவர் தொகுத்த ‘பிப்ளியோதெக்கா மலபாரிக்கா’ என்ற நூற்பட்டியலில் தமிழர் சமய, இலக்கண, இலக்கிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை குறிக்கப்பட்டுள்ளன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமன் மொழியில் பெயர்த்தார். தாம் முதலில் இம்மக்களை ஒழுங்கும் கல்வியும் அற்றவர் எனக் கருதியதாகவும், அவர்தம் மொழியையும் நூல்களையும் கற்றபின் அக்கருத்து நீங்கியதாகவும் அக்காலத்து எழுத்துகளில் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். தம் நாட்டாரிடம் தம் பிழையை ஒப்புக்கொள்ளும் இந்த இடம், அவர் எழுத்துகளுள் மிகவும் மதிக்கத்தக்க பகுதி எனலாம்.

1713: இரு நூல்கள், இரு மொழிகள்

இம்மாற்றத்துக்குப் பின்னும் கண்டனம் ஓயவில்லை. 1713இல், ஹால்லேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு தரங்கம்பாடியில் அச்சான தொடக்ககாலச் சிறுநூல்களுள் ஒன்று ‘அக்கியானம்’ பற்றியது. தமிழர் வழிபாட்டை அருவருக்கத்தக்கது எனக் கூறி, அதைவிட்டு நீங்குமாறு அழைப்பது அந்நூல்.

அந்நூலின் தலைச்சொல்லே ஆய்வுக்குரியது. வடமொழி ‘அஞ்ஞானம்’ என்பதன் திரிபான இச்சொல்லைச் சீகன்பால்கு உருவாக்கவில்லை. அவருக்கு முன் தமிழில் எழுதிய கத்தோலிக்கத் துறவியரின் நூல்களில் அது வழக்கில் இருந்தது. அதற்கும் முன்பே சைவரும் பிறரும் ஆண்ட சொல் அது. அவ்வழக்கில் அறியாமை எல்லா உயிருக்கும் பொதுவான நிலை. கற்றவர், கல்லாதவர், அடியவர் எவரும் அதற்கு விலக்கல்லர். அந்நிலையிலிருந்து மீள்வதே ஞானம். கிறிஸ்தவத் தமிழில் இச்சொல் ஒரு மக்கட்கூட்டத்தின் பெயராக இறுகியது. திருமுழுக்குப் பெறாதவர் ‘அக்கியானி’ ஆனார். எல்லோருக்கும் உரிய நோயின் பெயர் அயலாருக்கு மட்டும் சூட்டப்பட்ட பட்டமாக மாறியபோது, அச்சொல்லில் இருந்த பரிவு போய்விட்டது. மருத்துவன் தானும் நோயாளி என உணர்ந்து சொல்லும் சொல்லுக்கும், கரையில் நிற்பவன் சொல்லும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இது.

இதே 1713இல் சீகன்பால்கு எழுதி முடித்த மற்றொரு நூல் ‘மலபார்த் தெய்வங்களின் வமிசாவளி’. தமிழரை ஐரோப்பியர் அக்காலத்தில் ‘மலபாரியர்’ என்றே அழைத்தனர். செருமன் மொழியில் அமைந்த இந்நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. பராபரவஸ்து, மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என அதன் வரிசை செல்கிறது. தெய்வங்களின் பெயர்கள், உருவ அமைதி, கோயில்கள், பூசைகள், விழாக்கள், அவற்றைக் கூறும் நூல்கள் ஆகியன பொறுமையோடு விளக்கப்படுகின்றன. தொடக்கத்தில் பொருள் அறியாது உடைத்தவர், இந்நூலின் மூன்றாம் பகுதியில் ஐயனாரையும் அம்மன்களையும் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்கிறார். இதற்கு இரண்டாண்டுகள் முன்பு எழுதிய ‘மலபாரிய அஞ்ஞான சமயம்’ (1711) என்ற விரிவான செருமன் நூலிலும் தமிழ் நூல்களிலிருந்து எடுத்த பகுதிகள் நிறைந்துள்ளன. சிவவாக்கியத்தை அவர் பெரிதும் விரும்பி எடுத்தாண்டார். உருவ வழிபாட்டையும் சடங்குகளையும் மறுக்கும் குரல் தமிழிலேயே, தமிழராலேயே எழுந்துள்ளது என்பதை ஐரோப்பியருக்கு அவர் காட்ட முடிந்தது. சிவவாக்கியர் தம்மவரைக் கடிந்தது தம்மவருள் ஒருவராக நின்று. அக்குரலை எடுத்தாளுவது எளிது. அந்நிலையை எடுத்தாள இயலாது.

இந்நூல்களில் கண்டனம் இல்லை எனக் கூற முடியாது. தெய்வக் கதைகளை அவர் பிழையென்றே கருதினார். அதனை ஆங்காங்கே சொல்லவும் செய்தார். ஆயினும் கேட்டு, எழுதி, சரிபார்த்து, விளக்க வேண்டும் என்ற ஈடுபாடு கண்டனத்தை மிஞ்சி நிற்கிறது. ஒருவருடைய தெய்வத்தின் பெயரைப் பிழையின்றி எழுத முயல்வதும் அன்பின் ஒரு வடிவமே.

ஆக, ஒரே ஆண்டில் ஒருவர் எழுதிய இரு நூல்களுள் தமிழில் எழுதியது தமிழரைக் கடிகிறது. செருமனில் எழுதியது தமிழரை ஐரோப்பியரிடம் அறிமுகம் செய்து, பல இடங்களில் அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறது. கடுஞ்சொல் உரியவர் காதில் நேரே விழுந்தது. பரிவுச்சொல்லோ அவர்கள் அறியாத மொழியில் கடல் கடந்து சென்றது. சென்ற இடத்திலும் அது அச்சேறவில்லை. வமிசாவளியின் கையெழுத்துப்படியைக் கண்ட ஹால்லேப் பெரியோர், அஞ்ஞானத்தை வேரறுக்கவே பணியாளர் அனுப்பப்பட்டனர், அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அன்று எனக் கருதியதாகக் கூறப்படுகிறது. அந்நூலை வில்ஹெல்ம் கெர்மான் சென்னையில் 1867இல் பதிப்பித்தார். 1711ஆம் ஆண்டு நூலையும் நீதிநூல் மொழிபெயர்ப்புகளையும் வில்லெம் காலந்து ஆம்ஸ்டர்டாமில் முறையே 1926, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அதாவது, வமிசாவளி 154 ஆண்டுகளும், நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 222 ஆண்டுகளும் கையெழுத்தாகவே கிடந்தன. ‘அக்கியானம்’ எழுதிய சூட்டிலேயே அச்சாகி ஊர்களில் பரவியது. சீகன்பால்குவின் உள்ளத்தில் அன்புக்கும் கண்டனத்துக்கும் இடையே எத்தகைய சமநிலை இருந்திருப்பினும், அச்சகத்தின் வழியே தமிழர் கையில் சேர்ந்தது அதன் ஒரு தட்டு மட்டுமே.

மடல்களில் வந்த மறுமொழி

இவ்விரு மொழிகளும் ஓரிடத்தில் சந்தித்தன. 1709இல் தரங்கம்பாடிக்கு வந்த யோகான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லரும் சீகன்பால்குவும், 1712 முதல் 1714 வரை தமிழரிடம் சமயம், வாழ்க்கை, கல்வி, மருத்துவம் முதலியன குறித்து வினாக்கள் அனுப்பி, மடல்களாக விடை பெற்றனர். அவை செருமனில் மொழிபெயர்க்கப்பட்டு, குறிப்புகளுடன் ஹால்லேயில் அச்சாயின. முதற்பகுதியில் (1714) 55, இரண்டாம் பகுதியில் (1717) 44 என மொத்தம் 99 மடல்கள். பலர் எழுதியனவாகத் தோன்றினும், பெரும்பகுதி அழகப்பனின் கைவண்ணமே என்று குர்ட் லீபாவ் வாதிட்டுள்ளார்.

கிறிஸ்து மார்க்கத்தைத் தமிழர் ஏன் ஏற்க மறுக்கின்றனர் என்ற வினாவுக்கு வந்த விடைகள் முகமனற்றவை. கிறிஸ்தவர் பசுவைக் கொன்று உண்கின்றனர். மலம் கழித்தபின் நீரால் தூய்மை செய்வதில்லை. மதுவை மிகுதியாகக் குடிக்கின்றனர். இறந்தோர் நற்கதி பெறுதற்குரிய கடன்களைச் செய்வதில்லை. திருமணத்தைப் போதிய மகிழ்ச்சியோடு கொண்டாடுவதும் இல்லை என மடல்கள் அடுக்குகின்றன. உங்கள் வேதம் நல்லதாயினும் அதனை உடையோர் அவ்வாறு நடக்கக் காணோம் என்பது அவற்றின் உட்கிடை. கடவுள் ஒவ்வொரு மக்களுக்கும் ஒரு நெறி தந்திருக்கையில் ஒன்றே ஏன் வேண்டும் என்ற வினாவும் அக்காலத் தமிழரிடமிருந்து மீண்டும் மீண்டும் எழுந்தது.

குளியலையும் உணவையும் பற்றிய குறைகளைப் புறச்சடங்கு பற்றியன என ஒதுக்கிவிடத் தோன்றலாம். அது பொருந்தாது. பிறர் முகஞ்சுளிக்கும் வண்ணம் அவர்கள் வீதியில் வாழ்ந்துகொண்டு அவர்கள் உயிரின் தூய்மை பற்றிப் பேசுவோர், கேட்போரை மதிக்கிறார்களா என்ற ஐயமே அக்குறைகளின் அடியில் உள்ளது. ஸ்பேனர் வலியுறுத்திய முன்மாதிரி நடத்தை தரங்கம்பாடிக் கோட்டையில் காணப்படவில்லை என்பதையே மடல் எழுதியோர் தம் மொழியில் கூறினர். இத்தகைய மறுமொழிகளை வினவிப் பெற்று, ஐரோப்பியர் படிக்க அச்சுக்கு அனுப்பியதை எளிதாக எண்ண இயலாது. கடிந்துரைக்க வந்தவர்கள், தம்மைக் கடியும் சொல்லுக்கு இடம் தந்தனர். அங்கே உறவு முதன்முறையாக இருவழிப்பட்டது.

மடல்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. அவை எழுத்தறிந்தோரின் குரல். மாட்டிறைச்சியும் மதுவும் குறையாகச் சுட்டப்படும்போது, அங்கே ஐரோப்பியர் மட்டுமல்லாமல் தமிழருள் தாழ்த்தப்பட்டோரும் மறைமுகமாகக் கடியப்படுகின்றனர். 1707 மே 12ஆம் நாள் தரங்கம்பாடியில் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் எழுதிய மடல் ஏதும் இல்லை. புதிய போதகர் தம் எசமானர்களை என்ன சொல்லிக் கடிவார் என்பதே அவர்களுக்கு முதன்மையான வினாவாக இருந்திருக்கும்.

கோட்டையும் கோபன்ஹேகனும்

அவ்வினாவுக்கு விடை விரைவில் கிடைத்தது. 1708இல் கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவருக்காகத் தலையிட்டார். கோட்டைத் தளபதி ஹசியுஸ் இதனைத் தம் அதிகாரத்துக்கு எதிரான கலகமாகக் கொண்டு, அவரை அவ்வாண்டு நவம்பரில் சிறையிட்டார். நான்கு மாதங்கள் தனிச்சிறையில் கழிந்தன. கிறிஸ்தவ வாழ்வு பற்றியும் போதகரின் நிலை பற்றியும் அங்கே அவர் எழுதினார். எளியோரிடம் கண்டனம் பேசுவதற்கு விலை ஏதும் இல்லை. வலியோரிடம் பேசினால் சிறை. இவ்விரண்டையும் செய்தவர் என்பதால், ‘அக்கியானம்’ எழுதியவரை ஆளும் தரப்பின் ஊதுகுழல் என ஒதுக்கிவிட இயலவில்லை.

அவர் இறுதியாகப் பெற்ற கண்டனம் தமிழரிடமிருந்தோ தளபதியிடமிருந்தோ வரவில்லை. 1714இல் கோபன்ஹேகனில் அரசாணையால் பணிக்குழு ஒன்று அமைந்தது. அதன் செயலரான கிறிஸ்தியான் வெண்ட், திருத்தூதர்களைப் போலப் பணியாளர் பொருளின்றி ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டும் என்ற கொள்கையில் உறுதியானவர். பள்ளிகளும் கட்டடங்களும் அவற்றுக்கான செலவும் அவருக்கு நெறிபிறழ்வாகத் தோன்றின. ஐரோப்பா சென்று 1716இல் திரும்பிய சீகன்பால்கு, புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டியெழுப்பி 1718 அக்டோபர் 11ஆம் நாள் திறந்துவைத்தார். அக்காலத்தில் வெண்டிடமிருந்து வந்த கடிதங்கள் அவர் பணியின் அடிப்படையையே கடிந்தன. வெண்டின் கொள்கையில் உண்மை இல்லாமலில்லை. ஐரோப்பியப் பணத்தில் எழும் திருச்சபை தன் காலில் நிற்குமா என்ற வினா இன்றும் ஓயவில்லை. ஆனால் தரங்கம்பாடியின் வெயிலையும் பள்ளிப் பிள்ளைகளையும் காணாத ஒருவர், பல மாதக் கடற்பயணத்துக்கு அப்பாலிருந்து, விளக்கம் கேளாமலே தீர்ப்பு எழுதினார். முன்பு சிறு கோயிலின் முன் நின்ற இளம் சீகன்பால்குவின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஏற்கெனவே நோயுற்றிருந்த சீகன்பால்குவை இக்கடிதங்கள் வருத்தின. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் அவர் இறந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே கண்டனங்களுக்கு உள்ளான கிரண்ட்லரும் மறு ஆண்டில் மறைந்தார். பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பிய எழுத்துகளின் பெருந்தொகுதி ஹால்லே ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. அவர்களைக் கடிந்து தமிழர் எழுதிய 99 மடல்களின் தமிழ் மூலம் கிடைக்கவில்லை. கடியப்பட்டவர்கள் செய்த செருமன் மொழிபெயர்ப்பில் மட்டுமே அவை வாழ்கின்றன.